கண்ணீர் ஓடைக்கு வழி

சின்னத்தாயி மடியிலிருந்து எடுத்து நீட்டிய காகிதத்தைப் பார்த்ததுமே அது எங்கே அடித்தது என்று தமயந்திக்குத் தெரிந்துவிட்டது. நாலாக மடித்து, ஓரம் நனைந்து, மேலே ஒரு பூண்டுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்க்கவே வேண்டியதில்லை. டவுனில் ஏழு ரோட்டுப் பக்கம் தமயந்தி வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரின் பிரிண்டர்தான் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றை விட்டுவிட்டு அடிக்கும். அந்தக் கோடு பின்பக்கமே தெரிந்தது.

“இதக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு தமயந்தி. அந்த மெட்ராஸ்காரி எங்கையில திணிச்சிட்டுப் போயிட்டா.”

“எந்த மெட்ராஸ்காரி மதினி?”

“சட்டிப்பள்ளத்துக்கு வந்தவதான். புதங்கெழம.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் சாக்கை விரித்து நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியுமாகப் பூண்டின் காய்ந்த தண்டை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தியின் புருசன் ஞானவேலுக்கு மூத்தவள் சின்னத்தாயி. புருசன் செத்து நாலு வருசமாகப் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். படிப்பு ரெண்டாங் கிளாஸோடு சரி. பஸ் போர்டையே யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாள். அவள் கையில் போய் இந்தக் காகிதம் சேர வேண்டுமா? தமயந்தி அரிவாளைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

தமயந்தி எழுதுகிறவள் என்பது ஞானவேலுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். ஒட்டன்சத்திரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள், சென்டருக்கு ஆள் வராத மழைநாட்களில் ‘குளிர்காரி’ என்ற பெயரில் ஒரு வலைப்பதிவு தொடங்கினாள். பஸ் ஜன்னல் மூடாதது, பேரிக்காய் விலை போகாதது, பூண்டு வாடை கையை விட்டுப் போகாதது என்று முப்பத்தெட்டுப் பதிவு எழுதிவிட்டாள். படிக்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குவைத்திலிருந்து ஒரு புண்ணியவான் மட்டும் ஒவ்வொன்றின் கீழும் ‘அருமை, தொடருங்கள்’ என்று பின்னூட்டம் போடுவார். ஒருநாள் எழுத்துரு சரியாக வருகிறதா என்று பார்க்க ‘சோதனை’ என்று ஒற்றை வார்த்தை போட்டாள். அதற்கும் ‘அருமை, தொடருங்கள்’ வந்தது. அன்றைக்கு அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பெரிய பதிவர் ஒருவர், படிக்கிறவர்கள் தாங்களாகவே நாலு பேருக்கு அனுப்பும்படி எழுதுவது எப்படி என்று பாடம் எடுத்திருந்தார். தலைப்பே ஆளைப் பிடித்து இழுக்க வேண்டும். பயன்படுகிற தகவல் ஒன்றாவது இருக்க வேண்டும். முடிக்கும்போது தொண்டையை அடைக்க வேண்டும். மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி கீபோர்டுக்கு அடியில் சொருகி வைத்தாள் தமயந்தி. தலைப்பையும் தகவலையும் எப்படியாவது தேற்றிவிடலாம். தொண்டையை அடைக்கிற சங்கதிக்கு எங்கே போவது?

அது ஒரு புதன்கிழமை தானாக வந்து மாட்டியது. அன்று பூராவும் கரண்ட் இல்லை, சென்டரைப் பூட்டி அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை வடுகபட்டியில் பூண்டுச் சந்தை என்பதால் புதன் மத்தியானமே ஆம்பளைகள் மூட்டைகளோடு லாரி ஏறிவிடுவார்கள். வீடு காலியாகக் கிடந்தது. மதினியைக் காணோமே என்று தண்ணீர் வரும் கறுப்புக் குழாயின் போக்கைப் பிடித்தபடியே மேலே ஏறினாள். மேலே பாறைக் குழியில் ஓடை தேங்குகிற இடம்தான் சட்டிப்பள்ளம். ஊருக்கே அங்கிருந்துதான் தண்ணீர். உண்ணிச்செடிக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். மதினி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கால் ரெண்டும் தண்ணீரில். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். தோள் ரெண்டும் குலுங்கு குலுங்கென்று குலுங்கின. அடப்பாவமே, வீட்டில் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாதவள் இங்கேயா வந்து அழுகிறாள் என்று தமயந்திக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. சத்தம் காட்டாமல் இறங்கி வந்தாள். பாவம் பார்த்தது உண்மை. பாவம் பார்த்துக்கொண்டே தலைப்பு யோசித்ததும் உண்மை.

‘கண்ணீர் ஓடை’ என்று பெயர் வைத்தாள். மறுநாள் சென்டர் திறந்ததும் ஒரே மூச்சில் அடித்து முடித்தாள். பார்த்தது ஒரு புதன்தான், எழுத்தில் அதைப் புதன்தோறும் ஆக்கினாள். பயன்படுகிற தகவல் வேண்டுமே என்று எந்த பஸ், எந்த வளைவில் இறங்க வேண்டும், எந்தப் பேரி மரத்துக்குப் பக்கத்தில் குழாய் மேலே ஏறுகிறது என்று வழியும் போட்டாள். பத்தே நாளில் நூற்றிப் பன்னிரண்டு பின்னூட்டம். டொரண்டோவில் ஒருவர் ஆபீஸ் பூராவுக்கும் மெயிலில் அனுப்பினாராம். குவைத்துக்காரர் முதல்முறையாக, ‘அழுதுவிட்டேன் சகோதரி’ என்று எழுதினார். தமயந்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு கார்கள் வந்தன.

“கண்ணீர் ஓடை எங்கங்க இருக்கு?” என்று கேட்டவர்களுக்கு மாமனார் திருமலைச்சாமி கள்ளங்கபடமில்லாமல் பதில் சொன்னார்: “அப்பிடி ஒண்ணும் இங்க கெடையாதுங்களே. சட்டிப்பள்ளம்னு ஒண்ணு கெடக்கு, அது குடிதண்ணி எடுக்கிறது.” குழாயைப் பிடித்துக்கொண்டு அவர்களாகவே ஏறினார்கள். ஷாம்பு பாக்கெட்டும் பாட்டில் சில்லும் மிதந்தன. யாரோ குழாயை மிதித்துப் பிடுங்கிவிட, ரெண்டு நாள் பூண்டுக்குத் தண்ணீர் இல்லை. “எந்த எடுபட்ட பய இந்த வழியச் சொல்லி விடுறான்னு தெரியலையே” என்று திருமலைச்சாமி சோற்றில் கை வைத்தபடி ஏசினார். குழம்பு ஊற்ற நின்ற தமயந்தி கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளே பதிவை அழித்துவிட்டாள். அழித்து என்ன பிரயோசனம்? அது மெயில் மெயிலாகப் போய்க்கொண்டிருந்தது. குளிர்காரி என்ற பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஒரு மெயிலில் அழுகிற பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. இன்னொன்றில் ஊர் ஊட்டி ஆகிவிட்டிருந்தது. போன செவ்வாய்க்கிழமை சென்னைக்கார அம்மா ஒருத்தி சென்டருக்கு வந்து மெயிலைத் திறந்து, இதைப் பிரிண்ட் போட்டுத் தாம்மா என்றாள். தமயந்தியே பட்டனை அமுக்கினாள். “எழுதுனவங்க யாருன்னு தெரியலம்மா, கெடைச்சா கையப் பிடிச்சுக்குவேன்” என்றாள் அந்த அம்மா. தமயந்தி தன் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “எனக்கும் தெரியாதுங்க” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை. பெருமையா, பயமா, எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

“வாசிக்கப் போறியா இல்லையா?” என்றாள் சின்னத்தாயி.

தமயந்தி வாசித்தாள். தான் எழுதியதைச் சத்தம் போட்டு வாசிப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. “புதன்கிழமைதோறும் அங்கே ஒரு பெண் வருவாள். பாதங்கள் நனைய அமர்வாள். அவள் தோள்கள் குலுங்கும். அவளுடைய கண்ணீரையும் ஏந்திக்கொண்டுதான் இந்த ஓடை மலையிறங்குகிறது.” ஒவ்வொரு வார்த்தையும் வாயில் கல்லாக இடறியது.

“தோளு எதுக்குக் குலுங்குதாம்?”

“அழுகுறாளாம் மதினி.”

“யாரு?”

“இதுல வர்ற பொம்பள.”

சின்னத்தாயியின் அரிவாள் நின்றது. “நாந்தான அது? புதங்கெழம அங்க வேற யாரு போறா?” என்றாள். அறுத்த பூண்டைச் சாக்கில் போட்டாள். “நான் அழுகலையே புள்ள. சிரிச்சேன்.”

தமயந்திக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“அவரு எனக்குத் தாலி கட்டுறப்ப தும்முனாரு பாரு ஒரு தும்மல். பூசாரி தட்டக் கீழ போட்டுட்டாரு. அவரு செத்த பதினாறாம் நாளு அது ஞாபகம் வந்து களுக்குனு சிரிச்சிட்டேன். புத்தி பெரண்டு போச்சுன்னு ஊரே பேசுச்சு. எங்கய்யா ஒரு மாசம் எம்மூஞ்சியப் பாக்கல. அதான், வாரம் பூரா வர்ற சிரிப்பெல்லாம் அடக்கி வெச்சு, ஆம்பளைங்க சந்தைக்குப் போன பெறகு அங்கன போயி சிரிச்சிட்டு வருவேன். வேற எங்க போறது, சொல்லு.”

“மதினி...”

“போன புதங்கெழம அந்த மெட்ராஸ்காரி வந்து என்னியக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு ஓன்னு அழுகுறா. எல்லாம் தெரியும்க்காங்கிறா. என்னாத்தத் தெரியும் அவளுக்கு? அவ போனதும் அவரு தும்முனத நெனச்சுப் பாத்தேன். சிரிப்பு வரல தமயந்தி. அழுகதான் வந்துச்சு. செத்தன்னைக்குக்கூட அம்புட்டு அழுகல நான்.”

உள்ளே திருமலைச்சாமி இருமிவிட்டுப் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. சின்னத்தாயி குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு ஒருநா உண்ணிச்செடிக்கு அங்கிட்டு ஏதோ அசங்குச்சு. ஆடுன்னு நெனச்சுட்டேன்.”

தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னாள். தெரிந்துதான் சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா? சொல்லிவிடு, காலில் விழுந்துவிடு என்று தமயந்தியின் மனசு அடித்துக்கொண்டது. மாமனார் காதில் விழுந்தால் இந்த வீட்டில் இருக்க முடியாது என்றும் அதே மனசுதான் சொன்னது. அழுகையை எடுத்துவிட்டுச் சிரிப்பு என்று எழுதியிருந்தால் யார் யாருக்கு அனுப்பியிருப்பார்கள் என்று ஒரு யோசனை நடுவில் ஓடியது. சீ, இப்போதுமா என்று தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

“மதினி, அது வந்து, நான்...”

“அந்தத் தோளு குலுங்குற எடத்த இன்னொரு தரம் வாசி” என்றாள் சின்னத்தாயி. சாக்கின் மறுபக்கத்துப் பூண்டை எடுக்கிறவள்போல் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தமயந்தி எழுந்து நின்று வாசித்தாள். பாதங்கள் நனைய அமர்வாள். அவள் தோள்கள் குலுங்கும். அடுத்த வரியை வாசிக்காமல் அதோடு நிறுத்தினாள்.

சின்னத்தாயி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் ரெண்டும் குலுங்கத் தொடங்கின. சிரிப்பா அழுகையா என்று முன்னால் போய் முகத்தைப் பார்க்க ரெண்டே எட்டுதான். தமயந்தி காகிதத்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். சின்னத்தாயியின் மடியிலிருந்து பூண்டு ஒவ்வொன்றாக உருண்டு வாசலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.