குடியிருப்பவர் சம்மதம்

வீட்டை விற்க வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை வாரம் ஆகும் என்பதைத்தான். மேவிஸும் அதையேதான் கேட்டார். எட்டு வாரம் என்றேன். எழுபத்தோரு வயதில் அவர் எங்கள் ஊரான டாட்மார்டனை விட்டுக் கடற்கரை ஊரான விட்பிக்குப் போகிறார். மகள் ஜெனீன் தன் வீட்டை ஒட்டி அம்மாவுக்காக ஒரு படுக்கையறையும் சிறிய கூடமும் கட்டியிருந்தாள். போன குளிர்காலத்தில் மேவிஸ் மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்ட பிறகு எடுத்த முடிவு அது.

"ஜன்னலத் தொறந்தா கடலாம். பக்கத்துக் கதவத் தொறந்தா ஜெனீன். ரெண்டும் வாய மூடாது," என்றார்.

அவருடைய அம்மாவின் உயிலை எழுதியதும் எங்கள் வக்கீல் அலுவலகம்தான். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தம்பி வில்ஃபுக்கு பர்ன்லியில் மனைவியும் வீடும் இருந்ததால், அம்மா வீட்டை மேவிஸ் பெயருக்கு மட்டும் எழுதினார். மூன்று வருடம் கழித்து வில்ஃபின் கல்யாணம் முறிந்தது. ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். பின்பக்க அறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார்.

பத்திரக் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே நகராட்சி கொடுத்த ஒரு சான்றிதழ் கிடைத்தது. வீட்டின் பின்னால் புதிதாக ஒரு சமையலறை கட்டி முடித்ததற்கானது. விண்ணப்பித்தவர் பெயர் மேவிஸ் அல்ல, வில்ஃப். செங்கல்லும் ஓடும் வாங்கிய ரசீதுகளைக்கூட அதோடு சேர்த்துக் குத்தி வைத்திருந்தார்கள். தான் வேலை பார்த்த நூற்பாலை மூடியபோது கிடைத்த பணம் முழுவதையும் அவர் அதில் போட்டிருந்தார்.

இப்படிப் பணம் போட்ட ஒருவர் வீட்டுக்குள் இருந்தால், நாளை பங்கு கேட்பாரோ என்று வாங்குகிறவரின் வக்கீல் சும்மா விடமாட்டார். வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, விற்பனை முடியும் நாளில் வெளியேறிவிடுவேன் என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒரே ஒரு பக்கம். குடியிருப்பவர் சம்மதம் என்று மேலே அச்சடித்திருக்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். வில்ஃப் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போட்டுட்டு வாடா, பஸ் போயிடும்," என்றார் மேவிஸ்.

"படிக்காம எப்படிப் போடறது?"

"ரேஷன் கார்டு இருந்த காலத்துலேர்ந்து ஒரு தாளையும் நீ படிச்சதில்ல."

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். நான் மேவிஸுக்கு மட்டும்தான் வக்கீல். இந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதால் வில்ஃப் எதையோ இழக்கக்கூடும். அது என்ன என்று நான் அவருக்கு விளக்கக் கூடாது. வேறு ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

வில்ஃப் சிரித்தார். "நீதானேம்மா எங்க வக்கீல். அம்மாவுக்கும் நீதான் பாத்த."

"அது அம்மாவுக்கு. இப்போ நான் உங்க அக்காவுக்கு."

"அப்போ நான் யார்கிட்ட போறது? பாலத்தெருவுல இருக்கானே, அந்த ஆள்கிட்டயா? அவன் குட்மார்னிங் சொன்னாலே பில்லு அனுப்புவான்."

மேவிஸ் பேனாவை அவர் பக்கம் தள்ளினார். நான் அதை எடுத்து என் மேசைக்குள் வைத்தேன். இன்று வேண்டாம், தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் யோசியுங்கள் என்றேன். நான் பணம் வாங்குவது மேவிஸிடம். அன்று அவருக்கு நான் நல்ல வக்கீலாக இருந்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. வாசல்வரை போய்விட்டு மேவிஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் மட்டும் இல்லை. பயமும் இருந்தது.

வியாழக்கிழமை வில்ஃப் தனியாக வந்தார். வெளியே கால்வாய்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. தாள் கோட்டின் உள்பையில் நனையாமல் இருந்தது. கையெழுத்து இல்லை.

"நான் இதப் போடலேன்னா என்னம்மா ஆகும்?"

"அதை நான் சொல்லக் கூடாது, வில்ஃப்."

"சரி. நீ சொல்ல வேண்டாம். நான் ஒண்ணு சொல்றேன். அந்தச் சமையலறை..."

"வேண்டாம்," என்றேன். "நிறுத்துங்க. நீங்க என்கிட்ட எதைச் சொன்னாலும் நான் அதை மேவிஸ்கிட்ட சொல்லியாகணும். அதுதான் விதி. ரகசியம்னு எதையும் வெச்சுக்க முடியாது. நல்லா யோசிச்சுட்டுப் பேசுங்க."

நல்லெண்ணத்தில்தான் எச்சரித்தேன். அவர் வாயை மூடிக்கொள்வார், எழுந்து போய் வேறு வக்கீலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் தேடிய ஒன்று எதிர்பாராத இடத்தில் கிடைத்தவர்போல இருந்தது அவர் முகம்.

"எல்லாத்தையும் சொல்லிடுவியா?"

"சொல்லியாகணும்."

"அப்போ சொல்லு." தொப்பியை மேசைமேல் வைத்தார். "பணத்தப் பத்தி இல்லம்மா. அவ ஒரு தொகை தர்றேன்னுதான் சொன்னா, நான்தான் வேண்டாம்னேன். நகராட்சியில ஒரு அறை குடுத்திருக்காங்க, வயசானவங்க கட்டடம். அங்க ஸ்னூக்கர் மேசை இருக்கு, ஜாலியா இருப்பேன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். எனக்கு ஸ்னூக்கரே பிடிக்காது."

நான் எழுதிக்கொண்டேன். அது என் வேலை.

"எனக்குப் போக இஷ்டமில்லன்னு சொல்லு. வீட்ட விட்டு இல்ல, வீடு கெடக்கு. அவ இல்லாத இடத்துல எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலன்னு சொல்லு. நானே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சாப்பிட உக்காரும்போது சொல்லணும்னு நெனப்பேன். அவ உடனே உப்பு எங்கன்னு கேப்பா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் குறுக்க நிக்கலன்னும் சொல்லு. பேனா குடு."

சாட்சிக் கையெழுத்து வேண்டும், நான் போடக் கூடாது. அவர் பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு பக்கத்து பேக்கரிக்குப் போனார். தன் கையெழுத்தோடும், சாட்சியாக சாண்ட்ரா என்ற கடைப்பெண்ணின் கையெழுத்தோடும், தாளின் ஓரத்தில் மாவு படிந்த விரல் தடத்தோடும் திரும்பி வந்தார். அந்தத் தடத்தை நான் துடைக்கவில்லை.

அன்று மதியம் மேவிஸை அழைத்தேன். எழுதியிருந்ததை ஒரு சொல்லும் விடாமல் படித்தேன்.

"மேவிஸ்?"

"இருக்கேன்." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அவன் சமையலறையில பாத்திரம் கழுவறான். இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டோம் ஜூடித். இத எனக்கு நீ ஃபோன்ல சொல்ற."

இன்னும் பின்வாங்க வழி இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும், சொன்னேன். இரண்டு பக்க வக்கீல்களும் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும்வரை யாரும் எதற்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. நாளை இரண்டு மணிக்குப் பரிமாறிக்கொள்வதாக ஏற்பாடு. அதன்பிறகு யாராலும் விலக முடியாது.

"இந்தப் படியில இன்னொரு குளிர்காலம் என்னால ஏற முடியாது. ஜெனீன் கடன் வாங்கிக் கட்டியிருக்கா. அங்க ஒரு கட்டில்தான் போட முடியும், நான் அளந்து பாத்தேன். ரெண்டு தடவ அளந்தேன். வாங்கறவங்களுக்கு மே மாசம் குழந்தை பிறக்கப்போகுதாம். பண்ணிடு."

"வில்ஃப்கிட்ட ஏதாவது பேசுங்க. பக்கத்து அறையிலதானே இருக்கார்."

"நீ அவனுக்கு ஒரு கடிதம் எழுதிடு."

"ஒரே வீட்டுக்கா?"

"வக்கீல் எழுதினா அவன் படிப்பான். நான் வாயத் தொறந்தா உப்பத்தான் கேப்பேன், அவனுக்கே தெரியும். விட்டுட்டுப் போறது எனக்கும் பிடிக்கலன்னு எழுது. அந்தச் சமையலறைய அவன்தான் கட்டினான்னு நான் மறக்கலன்னு எழுது. உன் பாஷையிலயே எழுது, பரவால்ல."

மறுநாள் இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு மறுபக்க வக்கீல் தொலைபேசியில் வந்தார். தாள்களில் இருப்பதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினோம். சரியா என்றார், சரி என்றேன். ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம் என்றார். நேரத்தை ஓரத்தில் குறித்தேன். இந்த ஊரின் எத்தனையோ வீடுகளை இந்த ஒரு வாக்கியத்தால் கை மாற்றியிருக்கிறேன். எப்போதும் அதைச் சொல்லி முடித்தபின் தெருச்சத்தம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதுபோல் இருக்கும். அன்று மழைச்சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு கடிதத்தை எழுதினேன். நாலு முறை கிழித்தேன். என் பாஷையில் அதற்குச் சொற்கள் இல்லை. கடைசியில் போனது இதுதான்:

"என் கட்சிக்காரரின் அறிவுறுத்தலின்படி எழுதுகிறேன். விட்பியில் ஒரு கட்டிலுக்கு மட்டுமே இடம் இருப்பதை அவர் இரண்டு முறை அளந்து உறுதிசெய்துள்ளார். மேற்படி வீட்டின் சமையலறை உங்களால் கட்டப்பட்டது என்பதை அவர் ஏற்கிறார். உங்களைப் பிரிந்து செல்வது தமக்கு விருப்பமானதல்ல என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டுள்ளார்."

கையெழுத்துப் போட்டு, மேவிஸின் முகவரியிலேயே வில்ஃபின் பெயரை எழுதி, தபாலில் சேர்த்தேன்.

விற்பனை முடிந்த நாளன்று பணம் வந்து சேர்ந்ததைச் சொல்ல மேவிஸை விட்பியில் அழைத்தேன். எல்லாம் முடிந்தது, சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். நல்லது என்றார். இருவரும் ஃபோனை வைக்கவில்லை.

"கடிதம் வந்துதா?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை வந்துது. கதவுகிட்டேர்ந்து அவன்தான் எடுத்துட்டு வந்தான். எனக்கு எதுக்க உக்காந்து படிச்சான். ரெண்டு தடவ."

"என்ன சொன்னார்?"

"மடிச்சு உறைக்குள்ள வெச்சான். டீ போடவான்னு கேட்டான்."

"நீங்க?"

"போடுன்னேன்," என்றார் மேவிஸ்.