அத்தான் எடுத்த அளவு

என் அத்தான் தையல்காரர். டேப்பை நம்புவார், மனுஷரை நம்ப மாட்டார். அப்பேர்ப்பட்டவரையே கொட்டைப்பொடி விற்கிற ஒருத்தன் கவிழ்த்துவிட்டான்.

அக்காவின் மார்பில் கட்டி. சின்னதுதான், இப்போதே அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். பொடிக்காரனோ, கத்தி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவும், ஆப்ரிகாட் கொட்டையின் கசப்புக்கு முன்னால் எந்தக் கட்டியும் நிற்காது என்றான். அத்தான் தலையாட்டினார். அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததும் அக்காவுக்குத் தலை சுற்றும், குமட்டும். நோய் வெளியேறுகிறது என்று அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. விளங்காமல் போவான்.

நான் அத்தானின் தையல் கடையில் பட்டனுக்குக் காஜா எடுப்பவள். வாரந்தோறும் அத்தான் அக்காவைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, மார்பைச் சுற்றி டேப் பிடிப்பார். அரை இஞ்ச் குறைஞ்சிருக்கு என்று முகமெல்லாம் பல்லாக வெளியே வருவார். அடுத்த வாரம் இன்னும் குறையும். கட்டி கரைகிறதாம்! அவள் கன்னம் ஒட்டிப்போனதும் கழுத்தெலும்பு துருத்தியதும் அந்த மனுஷர் கண்ணில் படவே இல்லை. உருகுவது கட்டியில்லை, உடம்பு என்று தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினேன். அளவு பொய் சொல்லாது என்றார்.

அவள் தையல் மெஷின்மேலேயே சாய்ந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. கட்டி பெருத்து ஈரல்வரை பரவிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்றார் டாக்டர்.

அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து அத்தானை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவரத் திட்டாதடி. நான் மெலியறது எனக்குத் தெரியாதா? என் சட்டையெல்லாம் நானேதான சின்னதாப் பிடிச்சுத் தைச்சேன்."

பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"கத்தின்னா எனக்கு அவ்வளவு பயம். அவர் கரையுது கரையுதுன்னு சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. இப்ப அவர் தன்னையே அடிச்சுக்கிறாரு. எனக்கும் தெரியும்னு நீ போய்ச் சொல்லிடு. அவர் மூஞ்சியப் பார்த்துச் சொல்ல என்னால முடியல."

சரி என்றேன்.

வராந்தாவில் அத்தான் நின்றிருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவள் ஏதாவது சொன்னாளா, தன்மேல் கோபமா என்று கேட்டார். எங்கள் அக்காவைத் தின்றுவிட்டு நிற்கிற மனுஷராகத்தான் எனக்கு அவர் தெரிந்தார்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.