வேறொருவரின் புள்ளி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க நாலு சுவருக்குள் மேலும் கீழும் போய் வருகிற மனிதருக்கு, லீவு நாளில் சுவரே இல்லாத இடம் வேண்டும் என்று தோன்றியதில் தப்பில்லை. அதற்காக அவர் வாங்கிய பாய்மரப் படகு எங்கள் படுக்கையறையை விடக் கொஞ்சம் நீளம், அகலத்தில் பாதிகூடத் தேறாது. அதில் தனியாகத்தான் போவார். நான் ஒரே ஒரு தடவை ஏறினேன். இறங்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

படகு வந்த அன்றைக்கே ஒரு நிபந்தனை போட்டேன். ரேடியோ இல்லாமல் கடலில் இறங்கக் கூடாது. மறுபேச்சுப் பேசாமல் வாங்கி மாட்டினார். சின்னப் பெட்டிதான், ஆனால் இரண்டு வேலை செய்யும். கரையோடு பேசலாம். அது போக, படகு எங்கே இருக்கிறது என்பதைச் சுற்றியுள்ள கப்பல்களுக்கும் கரைக்கும் தானாகவே சொல்லிக்கொண்டிருக்கும். ஆபத்து என்றால் மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டியில் பதிந்திருக்கும் எண் மீட்பு நிலையத்துக்குப் போய்விடும். அங்கே பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகப் படகின் நிறம், நீளம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் எல்லாம் இருக்கும். கூப்பிட வேண்டிய ஆள் நான்.

கைபேசியில் ஒரு செயலியைப் போட்டால் அதே படகு பச்சைப் புள்ளியாகத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். போட்டேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். நூலளவு பிசகினாலும் எனக்குப் பொறுக்காது. ஏன் இருபது நிமிஷம் ஒரே இடத்தில் நின்றீர்கள், ஏன் அந்தக் கப்பலுக்கு அவ்வளவு பக்கத்தில் போனீர்கள் என்று கடலில் இருக்கும்போதே போன் போட்டுக் கேட்பேன். "நான் போகலம்மா, அதுதான் வந்துச்சு" என்பார். வீட்டுக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். ஒரு வருஷம் இதே கூத்து.

இந்தக் கோடையில் மனிதர் மாறிவிட்டார். நான் எதைக் கேட்டாலும் எரிந்து விழுவதில்லை.

"பாறைத் திட்டுக்குப் பின்னாடி போனா நாப்பது நிமிஷம் ஆளையே காணோமே, அங்க என்ன பண்றீங்க?"

"சாப்பிடறேன்."

"அதுக்கு நாப்பது நிமிஷமா?"

"மென்னு சாப்பிடச் சொன்னது நீதானே."

திருந்திவிட்டார் என்று நினைத்தேன். எனக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அந்தச் சனிக்கிழமை சமையலறை சிங்க்குக்கு அடியில் குழாய் ஒழுகியது. நீங்கள் கடலுக்குப் போனால் நான் இங்கே நீந்த வேண்டியதுதான் என்று சொல்லி அவரை நிறுத்திவைத்தேன். காலை ஒன்பது நாற்பதுக்கு என் கைபேசி கீச்சென்றது. உங்கள் படகு துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது என்று செயலி சொன்னது.

"உங்க படகு கிளம்பிடுச்சாம்."

சிங்க்குக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு, "ஆப்புக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். போன வாரம் ஒருத்தர் படகை மெயின் ரோட்டுல காட்டுச்சு" என்றார். எனக்கு முன்னால் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் சாட்சி எதற்கு? நானும் விட்டுவிட்டேன். ஆனாலும் பழக்கதோஷம், அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டேன். புள்ளி வழக்கமான பாதையில் போய், பதினொன்று ஐந்துக்குப் பாறைத் திட்டுக்குப் பின்னால், செயலிக்கு எட்டாத இடத்தில் மறைந்தது.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மீட்பு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் அதிகாரி, பதற்றமே இல்லாத குரல்.

"உங்க படகுலேர்ந்து அபாய அழைப்பு வந்திருக்கு. ஒரே ஒரு தடவை. எண் மட்டும் வந்திருக்கு, இடம் வரலை. திருப்பிக் கூப்பிட்டா பதில் இல்லை. படகுல யார் யார் இருக்காங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "மேடம், படகுக்காரர் எங்க வீட்டு சிங்க்குக்கு அடியில இருக்கார். படகு கரையில கட்டிக் கிடக்கு. அந்தப் பெட்டி காலையிலேர்ந்தே தப்பாதான் காட்டுது."

"நிச்சயமா தெரியுமா?"

"அவர் காலைப் பார்த்துக்கிட்டுத்தான் பேசறேன்."

"சரி. சில சமயம் பழுதான பெட்டி தானா அழைப்பு அனுப்பிடும். இன்னைக்கு மட்டும் இது மூணாவது. தவறான அழைப்புன்னு குறிச்சுக்கறேன்."

கீழே மண்டை குழாயில் மோதும் சத்தம் கேட்டது. "வைக்காத. போனை வைக்காத" என்றபடி வெளியே வந்தார். நெற்றி வீங்கியிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. "அந்தப் பெட்டி என் படகுல இல்ல. சலூன்காரர்கிட்ட குடுத்துட்டேன்."

கடைத்தெருவில் சலூன் வைத்திருப்பவரை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு முடி வெட்டுபவர். அவரும் ஒரு குட்டிப் படகு வைத்திருந்தார்.

"எப்போ?"

"மூணு மாசம் ஆச்சு."

கைபேசியை அவரே வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். அதிகாரியின் குரல் இப்போது கறாராக இருந்தது. பதிவேட்டில் இருப்பது வெள்ளைப் படகு, இருபது அடி. சலூன்காரருடையது பழுப்பு, பதினாறு அடி, சிவப்புப் பாய். இவர் அதையெல்லாம் சொன்னார். எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. என் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் போனில் சலூன்காரர் மனைவியைக் கூப்பிட்டார்.

"அவரும் எங்க அப்பாவும் போயிருக்காங்க அண்ணா. ஏன்?" என்றாள் அவள். "அப்பா ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருந்தார். நீங்கதான் ரேடியோ குடுத்திருக்கீங்களே, அந்தத் தைரியத்துலதான் அனுப்பி வெச்சேன்."

மீட்பு நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறோம் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"வழக்கமா எந்தப் பக்கம் போவார்?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது மேடம். சேர்ந்துதான் கிளம்புவோம், ஆனா நான் எப்பவும் வேற பக்கம் போவேன்."

"அப்போ வெளிக்கடல் பக்கம்தான் தேடணும். காத்து அந்தப் பக்கம்தான் தள்ளுது."

"எனக்குத் தெரியும்" என்றேன். கைபேசியைப் பிடுங்கிக்கொண்டேன்.

மூன்று மாதமாக நான் பார்த்தது சலூன்காரரின் புள்ளி என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த மனிதர் கடலில் எப்படிப் போவார் என்று அவர் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். துறைமுகத்தை விட்டதும் நேராக மிதவை வரை போவார், அங்கே இடது பக்கம் திரும்பிப் பாறைத் திட்டுக்குப் பின்னால் மறைவார். அவர் வேகத்துக்குப் பத்து நிமிஷத்தில் மறுபக்கம் வந்துவிட வேண்டும். நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வருவார். அப்படியென்றால் அங்கே நங்கூரம் போட்டு நிற்கிறார். வெளிக்கடல் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை. இன்றைக்கு மறைந்தது பதினொன்று ஐந்துக்கு, இன்னும் வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"திட்டுக்குப் பின்னாடி முதல்ல பாருங்க மேடம். அங்கதான் இருப்பாங்க."

"இவ்வளவு துல்லியமா எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர்னு நினைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

மீட்புப் படகை அனுப்புகிறேன் என்று சொல்லி அதிகாரி வைத்தார்.

ஐம்பத்திரண்டு நிமிஷம். நான் தப்பாகச் சொல்லியிருந்தால், தேடுகிறவர்கள் திட்டைச் சுற்றிக்கொண்டிருக்க அவர்கள் வேறெங்கோ மூழ்கிக்கொண்டிருப்பார்கள். இவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்பானரைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

பிறகு அழைப்பு வந்தது. திட்டுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறார்கள். பாய்மரம் முறிந்து விழுந்து ஒயரை அறுத்திருக்கிறது, படகுக்குள் தண்ணீர் ஏறி பேட்டரி போய்விட்டது. பொத்தானை அழுத்த ஒரு தடவைதான் வாய்த்திருக்கிறது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மிதந்திருக்கிறார்கள். சலூன்காரரின் மாமனாருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு, உடம்பு விறைத்துப் போயிருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. இன்னும் அரை மணி நேரம் தாங்கியிருக்க மாட்டார் என்று அதிகாரி சொன்னார். பதிவை உடனே மாற்றச் சொல்லி இவரை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

போனை வைத்ததும் ஆரம்பித்தேன். இவர் முதலில் பூசி மெழுகப் பார்த்தார். பெட்டியில் பதிந்த எண்ணை மாற்ற அதைக் கடைக்கு அனுப்ப வேண்டும், நேரம் கிடைக்கவில்லை என்றார். நான் கைபேசியில் அந்தப் பச்சைப் புள்ளியின் பாதையைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"எங்க திரும்பினாலும் உன் கேள்வி. வாரம் முழுக்க லிஃப்ட் பெட்டிக்குள்ள தொங்கறேன், அங்கயாவது யாரும் பார்க்காம இருக்கணும்னு தோணுச்சு. நீ பார்க்க ஒரு புள்ளி இருந்தா போதும்னு எண்ணை மாத்தாம விட்டுட்டேன்."

அதில் பாதிப் பழி என்னுடையது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் உள்ளங்கைகளைப் பார்த்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திடீரென்று காற்று பிடித்த அன்றைக்கு, மதியம் இரண்டு மணிக்கே புள்ளி துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. இவர் வீட்டுக்கு வரும்போது இருட்டப் போகிற நேரம். உள்ளங்கை தோலெல்லாம் உரிந்திருந்தது. நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தேன், கை கயிற்றில் உரசிவிட்டது என்றார்.

"அந்தக் காத்தடிச்ச ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?"

ஸ்பானரைத் தரையில் வைத்தார். "சுக்கான் உடைஞ்சுபோச்சு. கடல்லதான் இருந்தேன். நாலு மணி நேரம் துடுப்புப் போட்டேன்."

"யாரையாவது கூப்பிட்டீங்களா?"

"போனுக்கு சிக்னல் இல்ல. எதை வெச்சுக் கூப்பிடறது?"

"நான் அப்ப என்ன பண்ணிட்டிருந்தேன்னு தெரியுமா? நீங்க கரைக்கு வந்துட்டீங்கன்னு போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டிருந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அடுத்த வாரமும் அதே மாதிரி பெட்டி இல்லாமத்தான் போனீங்களா?"

"போனேன்" என்றார்.

அன்றைக்கும் நான் நன்றாகத்தான் தூங்கியிருப்பேன்.