சந்தனத்தின் எடைக்கு உப்பு

என் அக்கா யாகப்பம்மாள் தன் மகன் சந்தனத்தின் எடைக்கு எடை உப்பு தருவதாக அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு விடாத காய்ச்சல். அன்றே அத்தான் சூசைமுத்து மீன் நிறுக்கும் பெரிய தராசை வாங்கி வந்து, அவனை ஒரு தட்டில் உட்காரவைத்து, மறுதட்டில் வாலிநோக்கத்து உப்பைக் கொட்டிச் சமன் பார்த்தார். அந்த உப்பைச் சாக்கில் கட்டி அடுப்புக்கு மேலே ஈரம் படாமல் தொங்கவிட்டார்கள். திருவிழாவன்று கோயிலில் மறுபடி நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டது. பிள்ளை தேறவில்லை.

"மேரி, தூக்குனா கனமே இல்லடி" என்பாள் அக்கா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அறிவியல் பாடத்தில் படித்ததை ஆறுதலாகச் சொன்னேன்.

"நிலாவுல இழுப்பு கம்மிக்கா. அங்கன நம்ம எடை ஆறுல ஒண்ணுதான். வியாழன் கிரகத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஏறிரும். ஆனா உடம்புல உள்ள பொருள் எங்க போனாலும் அப்படியேதான் இருக்கும்."

"அப்ப நிலாவுல நேர்ந்திருந்தா ஒரு படி உப்போட முடிஞ்சிருக்கும்" என்று அத்தான் சிரித்தார்.

"இல்லத்தான். உப்பும் சேர்ந்துல்ல லேசாகும். தராசுக்கு இதே உப்புத்தான் வேணும்."

சந்தனமும் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

"இவன் எங்கடி நிலாவுக்குப் போனான்? இங்கனதான கெடக்கான்?"



திருவிழாவன்று கோயில் முன்னே தராசு தொங்கியது. ஒரு தட்டில் சாக்கு, மறுதட்டில் சந்தனம். அத்தான் கையை எடுத்ததும் பிள்ளை மேலே போனான்.

செபம் சொல்ல வந்திருந்த உபதேசியார் சவேரியார் மெதுவாகச் சொன்னார்: "பரவால்ல சூசை. இப்ப இருக்கிற எடைக்குக் குடு. கொஞ்சம் அள்ளிரு."

அத்தான் சாக்கின் வாயை அவிழ்த்தார்.

"அள்ளாதீக" என்றாள் அக்கா. "அதுதான் எம்புள்ள எடை."

அவள் கிட்டே போய், பிள்ளை இருந்த தட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தட்டு இறங்கியது. முள் நடுவுக்கு வந்தது.

"செபத்தச் சொல்லுங்கய்யா."

உபதேசியார் அத்தானைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு செபத்தைத் தொடங்கினார். நீண்ட செபம். அக்காவின் கை நடுங்க, முள்ளும் நடுங்கியது.

"சித்தி, நான் வியாழனுக்கு வந்துட்டனா?" என்றான் சந்தனம்.

அத்தனை பேர் பார்க்க நடந்து போய், அக்காவின் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன்.