பாதியாக்கிச் சொல்பவன்

ஏணிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெருவே முடிவுகட்டியிருந்தது. மின்விசிறி மாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அந்த ஏணி சில மாதங்களாகத் தாடையைத் தூக்கிக்கொண்டு, எதிரே வருகிறவர்களை மூக்குநுனி வழியாகப் பார்த்து நடந்தான்.

தலைக்கனமாவது மண்ணாங்கட்டியாவது. தாடையைத் தாழ்த்தி விழியை மட்டும் உயர்த்தினால் உலகம் இரண்டாகிவிடும். பல வருஷங்களுக்கு முன் பந்து விளையாடும்போது மச்சினனின் முழங்கை இடித்து, இடக்கண்ணுக்கு அடியிலிருந்த எலும்பு நொறுங்கியது. அங்கே ஒரு தகடு வைத்துத் தைத்தார்கள். இத்தனை காலம் சாதுவாகக் கிடந்த தகடு இப்போது வேலையைக் காட்டியது.

'இனி ஏணி ஏறாதே' என்று டாக்டர் சொல்லிவிட்டால்? உட்கார்ந்தால் எழுந்தான்; எழுந்தால் உட்கார்ந்தான். கடைசியில் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான்: தெரிவதைப் பாதியாக்கு.

ஒருநாள் கூரையில் இரண்டு கொக்கிகள் தெரிந்தன. கழுத்து அதற்குமேல் மடங்கவில்லை. பார்க்க லட்சணமாயிருந்த கொக்கியில் விசிறியை மாட்டினான். அது வெறும் காற்று. கீழே நின்ற மச்சினன், விழுந்த விசிறியைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான்.

"என்ன மச்சான், அந்தரத்துல மாட்டுறீங்க?"

மறுநாளே ஏணியை டாக்டரிடம் இழுத்துப்போனான்.

டாக்டர் அவன் தாடையைத் தாழ்த்திப் பிடித்து, பேனாவை உயர்த்தினார். "எத்தனை?"

இரண்டு தெரிந்தது. "ஒண்ணு."

இன்னொரு பேனாவையும் சேர்த்தார். நான்கு. "ரெண்டு."

டாக்டர் முகம் மலர்ந்தது. மச்சினனுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், இவரு பாதியாக்கிச் சொல்றாரு!"

"வாய மூடு மாப்ள."

"நான் மூடினா, நாளைக்கு எங்க அக்காவையும் பாதியாக்கிடுவீங்க."

டாக்டர் ஒரு பேனாவை மட்டும் நீட்டினார். "தொடுங்க பார்ப்போம்."

ஏணி தொட்டான். காற்று ஜில்லென்றிருந்தது.

"தகடு நகர்ந்திருக்கும்னு நினைக்கிறேன். ஸ்கேன்ல உறுதியாச்சுன்னா எடுத்துடணும்."

"எடுத்தா ஏணி ஏறலாமா?"

"எடுத்தப்புறம்தான் சொல்ல முடியும்."

ஏணி எழுந்தான். உட்கார்ந்தான்.

ஸ்கேனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட, டாக்டர் நின்றபடியே அவனிடம் பேனாவை நீட்டினார். மறுபடியும் இரண்டு. பாதியாக்கிப் பார்த்தும் எது நிஜம் என்று பிடிபடவில்லை. மெல்லத் தாடையைத் தூக்கினான். ஒன்றானது. வாங்கிக்கொண்டான்.

வாசலில் நின்ற நர்ஸ் பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள்: "டாக்டர் கையால வாங்கும்போதுகூட என்ன திமிரு பாரு!"