விட்டுப்போன சொல்

தெருவில் அவளுக்கு ஆராய்ச்சிக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாலு வருஷமாக ஒரே பள்ளத்தாக்கைக் கட்டிக்கொண்டு மாரடித்தாள். அந்தப் பள்ளத்தாக்குக்காக நம் நாடும் அண்டை நாடும் மூன்று முறை சண்டை போட்டு, பன்னிரண்டு சுற்றுப் பேச்சுவார்த்தையும் நடத்தியிருந்தன. இரு தரப்பின் வெளியுறவுக் கொள்கையும் அந்தப் பேச்சு மேஜையில் எங்கே வளைந்தது, எங்கே முறிந்தது என்பதுதான் முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு.

அவள் அப்பா வெளியுறவு அமைச்சகத்தில் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊரார் பேச்சையெல்லாம் பேசித் தீர்த்துட்டாரு. வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை மிச்சமில்ல" என்று அம்மா உயிரோடு இருந்தவரை கிண்டல் செய்வாள். பேச்சுவார்த்தை பற்றி மகள் எதைக் கேட்டாலும், "எல்லாம் ஃபைல்ல இருக்கும்மா" என்பார், அதோடு சரி.

முப்பது வருஷம் ஆன கோப்புகளை அரசு திறந்துவிட்ட வாரம், ஆவணக் காப்பகத்தில் ஒன்பதாம் சுற்றின் கோப்பு அவள் கைக்கு வந்தது. அந்தச் சுற்றின் இரண்டாம் நாள் விடிந்தபோதுதான் எதிர்த்தரப்பின் பீரங்கிகள் பள்ளத்தாக்கின் மீது குண்டு பொழிந்தன. நாற்பத்து மூன்று பேர் செத்தார்கள். அங்கே ஆள் இருந்தது தெரியாது என்று அவர்கள் சொன்னதை உலகம் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை. பேச்சை முறிக்கத் திட்டம் போட்டுச் செய்த காரியம் அது என்று நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

கோப்பின் இடது பத்தியில் நம் தரப்பு பேசியது. வலது பத்தியில் துபாஷி அதை எதிர்த்தரப்பின் மொழியில் சொன்னது. அவளுக்கு அந்த மொழியும் தெரியும். பள்ளத்தாக்கில் குடிமக்கள் இருக்கிறார்களா என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். நம் குழுத் தலைவர் சொன்ன பதில், 'பெரும்பாலும் யாரும் இல்லை.' வலது பத்தியில், 'யாரும் இல்லை.'

அவ்வளவுதான். பக்கத்தின் அடியில் துபாஷியின் கையெழுத்து. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் வருஷா வருஷம் அவள் வாங்கிய அதே கையெழுத்து.

அந்த இரண்டு சொற்களும் அப்பாவின் குரலிலேயே காதில் விழுந்தன. கோப்பை மூடினாள், குரல் மூடிக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாவது சுற்றுக்கு நீங்க போயிருந்தீங்களாப்பா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பாத்துட்டியா?"

"ஒரு வார்த்தை விட்டுப்போச்சுப்பா."

"விட்டுப்போகல. நான்தான் விட்டேன்." சுவிட்சை அணைத்தார். "பதினோரு மணி நேரமாப் பேசிட்டிருந்தோம். அந்தாளு அந்த வார்த்தையை வாய்க்குள்ளயே மென்னாரு. எனக்குக் கேட்டுச்சு. பெரும்பாலும் இல்லன்னாலும் இல்லதானேன்னு தோணுச்சு. அசதிம்மா."

"அப்புறம் யார்கிட்டயும் சொல்லலையா?"

"இடைவேளையில தலைவர்கிட்டயே சொன்னேன். 'விடுய்யா, காலையில திருத்திக்கலாம்'னாரு." அவர் சட்டையின் காலரைத் தடவிக்கொண்டே இருந்தார். "காலையில யாரும் மேஜைக்கு வரல."

"நான் இதை எழுதணும்பா."

"எழுதாம விட்டா நீயும் என்னை மாதிரிதான்."

அவளுடைய ஆய்வு நெறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒருத்தரோட அசதியை வச்சு வெளியுறவுக் கொள்கையை விளக்க முடியுமாம்மா? அடிக்குறிப்புல போட்டுட்டு ஆளை விடு" என்றார். அவள் நாற்பது பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு எட்டு மாதம் புதிதாக எழுதினாள். அந்த எட்டு மாதமும் அவளுக்கு நிம்மதி இல்லை. கடைக்காரர் "பெரும்பாலும் நாளைக்கு வந்துடும்" என்றால்கூட அப்படியே நின்றுவிடுவாள். பட்டம் கிடைத்தது; செய்தி பத்திரிகையிலும் வந்தது. தெருவில் சிலர் அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. எதிர்பார்த்தவர் போல இருந்தார்.

ஒரு பகல் பொழுதில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கதவைத் தட்டினாள். கையில் பத்திரிகைத் துண்டு. பள்ளத்தாக்கிலிருந்து வருவதாகச் சொன்னாள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அதையே அந்தப் பெண் பக்கம் நகர்த்தினார்; அவள் உட்கார்ந்தாள்.

"சண்டை போட வரலைங்க" என்றாள் அவள். "அன்னைக்கு என்ன சொன்னீங்களோ, அதை அந்த பாஷையிலேயே ஒரு தடவை சொல்லுங்க. கேக்கணும்."

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார். ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

அந்தப் பெண் இன்னும் வரும் என்பதுபோல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதாம்மா."

அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஆராய்ச்சிக்காரி நிறுத்தம் வரை கூடவே நடந்தாள்.

"எங்களையெல்லாம் ஊரைக் காலி பண்ணி முகாமுக்கு அனுப்பத்தான் செஞ்சாங்க" என்றாள் அந்தப் பெண், வழியில். "கதிரு முத்திப்போச்சு, அறுக்க வேணாமா? நாலு நாள்ல வந்துடறோம்னு எங்க வீட்லயே ஆறு பேரு திரும்பிப் போனாங்க. எனக்குக் காய்ச்சல், முகாம்லயே விட்டுட்டுப் போனாங்க. கிளம்பும்போது எங்க அண்ணன் எங்கிட்ட என்னமோ சொன்னான். காய்ச்சல்ல சரியாக் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன், என்ன சொல்லியிருப்பான்னு."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு திரும்பியபோது அப்பா அதே இடத்தில் நின்றிருந்தார். அந்தப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து, அவர் உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. விட்டுப்போன சொல் அதில் இருக்கிறதா என்று பக்கத்தில் போய்க் கேட்க மகளுக்குத் துணிவில்லை. கதவருகிலேயே நின்றுவிட்டாள்.