முதலில் எடுத்த கடைசிக் காட்சி

சிவப்புத் தொப்பி போட்டு நின்ற ஆளைக் கண்டதும் வேம்புவின் இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஆள் யாரென்று கைக்குத்தான் முதலில் தெரிந்தது. கண்ணுக்குக் கொஞ்சம் கழித்துத் தெரிந்தது. அம்மாவாசை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநாலில், பிரெஞ்சுக்காரனை வெளியேறச் சொல்லிக் கொடி பிடித்துப் போன ஊர்வலத்தில், இதே மாதிரித் தொப்பியோடு வந்து தடியால் வேம்புவின் இடது மணிக்கட்டை உடைத்த போலீஸ்காரன்.

இப்போது வருஷம் அறுபது. புதுச்சேரியில் அந்தப் போலீசும் இல்லை, அந்தத் தொப்பியும் இல்லை. பாரிசிலிருந்து வந்த ஒரு சின்னப் படக் கம்பெனிதான் அதை மறுபடி தைத்துக் கொடுத்திருந்தது. ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் சனங்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த கதை. அங்கே போய் எடுக்க முடியவில்லையாம். கடற்கரைத் தெருவின் மஞ்சள் சுவர்களும் மீனவர்களும் நெசவாளிகளும் அவர்களுக்குப் போதும் என்று தோன்றிவிட்டது.

"நாம எந்த ஊருக்காரங்கன்னு சொன்னாங்க?" என்று பக்கத்தில் நின்ற மீன்காரி தனக்கொடி கேட்டாள்.

"ஆப்பிரிக்காவாம்."

"அங்கயும் இவனுங்கதானா? எங்க போனாலும் விடமாட்டானுங்க போலிருக்கே."

கூட்டம் சிரித்தது. வேம்பு சிரிக்கவில்லை. அவன் அம்மாவாசையின் கையிலிருந்த தடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரெஞ்சு தெரிந்த கலியபெருமாள் இயக்குநர் சொல்வதைத் தமிழில் சொன்னார். கதைப்படி போலீஸ்காரன் ஒரு நெசவாளியின் கையை அடிக்கிறான். பிறகு அதே நெசவாளி அவனைக் கீழே தள்ளி முகத்தில் குத்துகிறான். போலீஸ்காரனாக அம்மாவாசையையும், நெசவாளியாக நிஜத்திலும் தறி நெய்கிற வேம்புவையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

முதலில் அவன் அடிக்கட்டும் என்று வேம்பு கணக்குப் போட்டான். தடி நிஜமாகப் பட்டால் குத்தும் நிஜமாகவே விழும். படாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் சினிமா கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. வெயில் வரிசையில் எடுக்கப்படுகிறது. முகத்தில் வெளிச்சம் விழுந்தால்தான் படச்சுருளில் முகம் பதியும். குத்து விழவேண்டிய சுவர் கடலைப் பார்த்து, கிழக்கு நோக்கி நிற்கிறது. அதற்குக் காலை வெயில். தடியடி நடக்கும் வாசற்படி மேற்கே பார்த்தது. அங்கே மத்தியானத்துக்கு மேல்தான் சூரியன் வரும். ஆகவே கடைசிக் காட்சி முதலில்.

வேம்புவின் கணக்கு தலைகீழானது. அம்மாவாசை என்ன செய்வான் என்று தெரியாமலே இவன் தன் கையை முதலில் ஓங்க வேண்டும்.

பொய்க்குத்து சுலபம். கேமரா குத்துகிறவனின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒற்றைக் கண் அதற்கு. எவ்வளவு தூரம் என்று தெரியாது. முஷ்டி முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே கடந்துபோனாலும், வாங்குகிறவன் தலையைச் சட்டென்று திருப்பினால் பட்டதாகவே தோன்றும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் வேம்பு தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அம்மாவாசையைத் தள்ளினான், குனிந்தான், குத்தினான். அந்த ஒரு சாண் இடைவெளியை அவன் விடவில்லை.

அம்மாவாசையின் உதடு கிழிந்தது. இயக்குநர் பதறி ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல. நான்தான் தலைய லேட்டா திருப்பிட்டேன்" என்றான் அம்மாவாசை, ரத்தத்தைத் துப்பிவிட்டு.

அதுதான் வேம்புவை உலுக்கியது. திட்டியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். திட்டாதவன் எதையோ சேர்த்துவைக்கிறான். மத்தியானத்துக்கு.

சாப்பாட்டு நேரத்தில் அம்மாவாசை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இலையில் கை வைக்கவில்லை.

"அப்ப ஒடஞ்சது எந்தக் கை?"

எதற்குக் கேட்கிறான்? அன்று உடையாமல் விட்டுப்போன கையைக் குறி வைக்கவா? தறியில் வலது கை கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். அப்போதுதான் ஊடைநூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறக்கும். அதற்கு மணிக்கட்டில் சுழற்சி வேண்டும். இடது கை பலகையை இழுத்து இழையை நெருக்கினால் போதும். அதற்குத் தோள்பலமே போதும், கோணல் கையும் செய்யும். வலது போனால் தறி போச்சு. வீட்டில் மனைவி சொர்ணமும் பிள்ளைகளும் எதைத் தின்பது?

"வலது," என்று பொய் சொன்னான் வேம்பு.

அம்மாவாசை தலையாட்டிவிட்டு எழுந்துபோனான்.

வெயில் மேற்கே சாய்ந்தது. வேம்பு வாசற்படியில் விழுந்து, ஏற்கெனவே கெட்டுப்போன இடது கையைக் கல்லில் ஊன்றினான். கலியபெருமாள் ஓடிவந்தார். "அந்தக் கை முகத்த மறைக்குதுய்யா. வலது கைய வை."

வேறு வழியில்லை. வலது கையை வைத்தான். கேமரா எதிரே, தரையோடு தரையாக இருந்தது. அதன் கண்ணுக்குக் கையும் தடியும் ஒரே கோட்டில் தெரியும். உண்மையில் தடி கைக்கு ஒரு சாண் பின்னால், வேம்புவின் பக்கமாக, வெறும் கல்லில் விழவேண்டும்.

தடி உயர்ந்தது. வேம்புவால் முடியவில்லை. கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தான். மேலே பார்த்தபோது தடி சரியாக அந்தக் கையை நோக்கியே வந்துகொண்டிருந்தது. கடைசி நொடியில் அது விலகி அம்மாவாசையின் முழங்காலிலேயே மொத்தென்று இறங்கியது.

மறுபடியும் எடுக்கலாம் என்றார் இயக்குநர்.

"என் கையத்தான பாத்து அடிச்ச?" என்றான் வேம்பு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீதான் தடிக்கு அடியில கொண்டாந்து வச்ச. எனக்குச் சொன்ன எடம் அதுதான். இழுத்தா படும். வச்ச எடத்துலயே வச்சிரு." காலைத் தேய்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "அது நல்ல கைன்னு எனக்குத் தெரியும். ஒடஞ்சது இடது. நான்தான ஒடச்சேன்."

"தெரிஞ்சே ஏன் கேட்ட?"

"வேற எப்படிப் பேச்ச ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

வேம்பு அவன் முகத்தைப் பார்த்தான். உதடு வீங்கியிருந்தது. நம்பலாம் என்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் கல்லும் தடியும் கையும் இருக்கும் இடம் அவனுக்குப் புரிந்தது. பயந்து இழுத்தால் நிச்சயம் அடி. இழுக்காவிட்டால் மட்டும்தான் வழி.

வலது கையை வைத்தான். விரல்களை விரித்துக் கல்லோடு அழுத்தினான். கண்ணை மூடவில்லை. தடி உயர்ந்தது, இறங்கியது. கல் அதிர்ந்தது. அந்த அதிர்வு உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறியது.

இயக்குநர் கை தட்டினார். வேம்பு ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தான். பிறகு மணிக்கட்டைச் சுழற்றினான், தறிக் கயிற்றைச் சுண்டி இழுப்பதுபோல. சரியாக இருந்தது.

தொப்பியையும் தடியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு இருவரும் வெளியே வந்தபோது தெரு நிழலாகிவிட்டிருந்தது. அம்மாவாசைக்குக் கருவடிக்குப்பம், இவனுக்கு முத்தியால்பேட்டை. போகும் வழி ஒன்றுதான்.

"வாய் எப்படி இருக்கு?" என்றான் வேம்பு.

"சோறு திங்க முடியல."

"கஞ்சி குடி."

கொஞ்ச நேரம் இருவரும் நின்றார்கள். யாரும் முதலில் கிளம்பவில்லை.

"நீ முன்னால நட," என்றான் வேம்பு.

அம்மாவாசை நொண்டிக்கொண்டே நடந்தான். நான்கு எட்டு தள்ளி, அவனுடைய இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி, வேம்பு பின்னால் போனான்.